வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. கொடியில் கிடந்த துணியெல்லாம் ஈரம். கோட் காயவில்லை, ஈரக் கோட்டோடு மாட்டுக்கொட்டகை டூட்டி. அறைத்தோழி நஸ்ரினிடம் கோட் இரண்டு. எதிர் அறைக்காரியிடம் மூன்று. என்னிடம் ஒன்று. கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேரும்போது 'வெள்ளைக் கோட்' என்றுதான் சொன்னார்கள், 'இரண்டாக வாங்கு' என்று யார் சொன்னார்கள்? வீட்டில் யாராவது படித்திருந்தால் சொல்லியிருப்பார்கள். எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எல்லாவற்றையும் தலையில் குட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று தெரிந்துகொண்டவை:
- 'வைவா' என்பது பாடம் இல்லை. வாய்மொழித் தேர்வு. நான் புத்தகம் தேடி நூலகம் முழுக்க அலைந்தாயிற்று.
- 'அப்பா என்ன பண்றார்?' என்று கேட்டால் 'பிசினஸ்' என்றால் போதும். மேலே கேட்க மாட்டார்கள்.
- மெஸ்ஸில் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கக் கூடாது. சிரிக்கிறார்கள்.

உடற்கூறு மேடம் எலும்பின் பெயர் கேட்டார். தெரியும். இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்றார். வகுப்பே சிரித்தது, நஸ்ரினைத் தவிர. நல்லவள். சேலம் அஸ்தம்பட்டிக்காரி, அவள் அத்தாவுக்கு டயர் கடை, அக்கா இஞ்சினியர். அவளுக்குப் பயமே கிடையாது.

வெள்ளிக்கிழமை வந்தால் போதும். கோழி ஆய்வுக்கூடம்.

வெள்ளி, 6

இன்னும் மாசியே பிறக்கவில்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் நான் ஊமை இல்லை. பண்ணைக்காரர்கள் செத்த கோழியைக் கொண்டுவருவார்கள், ஆய்வுக்கூடத்து சார் அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்வார். முதலாம் ஆண்டுக்கு அங்கே வேலையே இல்லை. நான் ஒரு கோழியைப் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, 'நீ கோழி வளக்கற ஊட்டுப் பொண்ணா? வெள்ளிக்கிழமை வந்து தட்டு பிடி' என்றார். இந்தக் கல்லூரியில் என்னை யாராவது 'வா' என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் சார் கறார். முதல் நாளே சொன்னது: 'இங்க போட்ட கோட்டு, செருப்பு ரெண்டும் எந்தப் பண்ணைக்குள்ளயும் போகக்கூடாது. இங்க வந்துட்டுப் போனா ஒரு வாரம் நீயும் போகக்கூடாது. சொந்தப் பண்ணையா இருந்தாலும்.' போன வருடம் ஒரு சீனியர் கோட்டைக் கழற்றாமல் கல்லூரிக் கோழிக்கொட்டகைக்குப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு அவனை ஆய்வுக்கூடப் படியே ஏறவிடவில்லை.

இன்று சாக்குப்பையில் ஐந்து கோழி வந்தது. கொண்டுவந்த மனுஷர் பெஞ்சில் உட்காராமல் சுவரோடு ஒட்டி நின்றார். சார் இரைப்பையைப் பிளந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்னதாய்ச் சிவப்புப் புள்ளிகள். "நல்லாப் பாத்துக்க. வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போட்டும் வந்திருக்கு" என்றார். அந்த மனுஷர் "மிச்சமெல்லாம் பொழைச்சுக்குமுங்களா சார்?" என்று கேட்டார். சார் கை கழுவப் போனார்.

தட்டு சரிந்து என் கோட்டின் கை ஓரத்தில் ரத்தம். விடுதியில் தண்ணீர் இல்லை, மோட்டார் ரிப்பேர். கோட்டைக் கவரில் சுருட்டிப் பைக்குள் போட்டிருக்கிறேன்.

நாளை ஊருக்கு. ஒரு வாரம் பண்ணைக்குப் போகக் கூடாதுதான். நான் பண்ணைக்கா போகிறேன், வீட்டுக்குத்தானே. பொங்கலுக்கு அப்புறம் அம்மாவைப் பார்க்கவே இல்லை. (வீட்டுக்கும் கோழிக்கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். தெரியும். தெரியும்.)

சனி, 7

ஜேடர்பாளையம் போகிற பஸ். கூட்டம். நின்றுகொண்டே வந்தேன்.

அப்பா நிறுத்தத்தில் காத்திருந்தார். "வா சாமி. என்ன இப்படி எளைச்சுப் போயிட்ட?" எளைக்கவில்லை. இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

கேட்டில் அப்பா எழுதிவைத்த போர்டு: வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. கேட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்புத்தூள், வண்டிச் சக்கரம் நனையத் தொட்டியில் மருந்துத் தண்ணீர். தீவன வண்டி டிரைவர் இறங்கினால் திட்டு விழும். பொங்கலுக்கு வந்த அத்தை வீட்டு மாமாவையே, 'நீங்க பல்லடத்துல கோழி வெச்சிருக்கறீங்க மாப்ள, மன்னிச்சுக்கோங்க' என்று கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து மோர் கொடுத்தவர். அந்த மாமா இன்னும் பேசுவதில்லை. எங்கள் சோறு, என் ஃபீஸ், அம்மாவின் மாத்திரை எல்லாம் இந்த ஒரு கொட்டகைக் கோழிதான். அப்பா சும்மா கறார் இல்லை.

ராத்திரி கொள்ளு ரசம். கையில் வாங்கிக் குடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு, 8

பஸ்ஸில் எழுதுகிறேன். குலுக்கல்.

காலையில் துவைக்கலாம் என்று கோட்டை வெளியே எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

"இதானா அந்தக் கோட்டு? போட்டுக் காட்டு கண்ணு."

"அழுக்குங்கப்பா. ரத்தமெல்லாம் இருக்குது."

"டாக்டர் கோட்டுல ரத்தமில்லாம பன்னீரா இருக்கும்?"

போட்டேன். பொத்தானை அவரே போட்டுவிட்டார், மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக. விரல் எல்லாம் காய்ப்பு, பொத்தான் சுலபத்தில் சிக்கவில்லை. முடித்துவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார். அப்புறம், "வா, கொட்டகைய ஒரு சுத்து பாத்துட்டு வரலாம்" என்றார்.

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். "ஆய்வுக்கூடத்துக் கோட்டோட பண்ணைக்குள்ள போகக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்கறாங்கப்பா."

"அது வெளியாளுக்குச் சொல்றது. நம்ம பண்ணைக்கு நீ வெளியாளா? கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா சாமி?"

இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. இந்த முறை இங்கிலீஷ் கூட இல்லை.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கூண்டுக் கோழி மொத்தமும் கப்சிப். வெள்ளைக் கோட்டைப் பார்த்து மிரண்டிருக்கும். அத்தனை தலையும் என் பக்கம். பிறகுதான் கத்த ஆரம்பித்தன. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

அதோடு விட்டாரா? பக்கத்துத் தோட்டம் பெரியப்பா பண்ணை. 'பொட்டப்புள்ளயப் படிக்க வெச்சு என்ன பண்றது, பண்ணையப் பாத்துக்கட்டும்' என்று நான் சேரும்போது சொன்னவர். அங்கே கூட்டிப்போய் நிறுத்தினார் அப்பா. பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் டாக்டரம்மா, இந்தக் கோழி சித்த மந்தமா இருக்குது, என்னன்னு பாருங்க" என்றார். கிண்டல்தான், ஆனால் அந்த '-ங்க' கிண்டல் இல்லை. கோழியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அங்கிருந்து குப்புசாமி மாமா பண்ணை. அங்கிருந்து சரசக்கா வீட்டு நாட்டுக்கோழி. "என்ற சேவல் நொண்டுது சாமி, ஒரு பார்வ பாரு." மடியில் வைத்துப் பாதத்திலிருந்து முள்ளை எடுத்துவிட்டேன். சரசக்கா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள்.

எனக்குப் பிடித்திருந்தது. பொய் எழுதக் கூடாது. நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன். அங்கே வாயில் கொழுக்கட்டை, இங்கே டாக்டரம்மா.

மத்தியானம் அம்மா கோட்டைச் சுடுதண்ணீரில் போட்டு அடித்துத் துவைத்தாள். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

செவ்வாய், 10

மேகமூட்டம். புழுக்கம்.

நோய் பரவுவது பற்றி வகுப்பு. கால்நடைப் பராமரிப்பு மேடம் ஆரம்பித்ததே இப்படி: "நோய் தானா நடந்து வராது. யாராவது தூக்கிட்டு வரணும்." பலகையில் எழுதிப் போட்டார். காட்டுப் பறவை. வண்டிச் சக்கரம். முட்டை அட்டை. மனிதர்: கை, செருப்பு, உடை.

'உடை'யில் பேனா நின்றுவிட்டது.

கோட் துவைத்தது மத்தியானம். சுற்றிவந்தது காலையில்.

செருப்பும் அதே செருப்பு.

இல்லை, எல்லாக் கோழிக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறது. அப்பா ஒரு தவணை தவறவிட மாட்டார். ஒன்றும் ஆகாது. (அன்றைக்கு வந்த கோழிக்கும் தடுப்பூசி போட்டிருந்தது.)

சாப்பிடவில்லை. நஸ்ரின் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். வாங்க வேண்டும்: சோப்பு, நீலப் பேனா, இன்னொரு கோட்.

வியாழன், 12

அப்பா போன். எல்லாம் கேட்டார், சாப்பிட்டாயா, தூங்கினாயா. வைக்கப்போகிற நேரத்தில்:

"முட்டைதான் சித்த கம்மியா இருக்குது. வெயிலுக்கு இருக்கும்."

"கழிச்சல் கிழிச்சல் இருக்குதுங்களாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. நீ படிப்பப் பாரு."

கொட்டகையில் நின்றுதான் பேசினார். எப்போதும் அங்கிருந்து பேசினால் கோழிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, 'இருங்கப்பா வெளிய வந்து பேசுங்க' என்பேன். இன்று ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

வெள்ளி, 13

மாசி பிறந்துவிட்டது. ஆய்வுக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். சாரின் முகத்தைப் பார்க்க முடியாது.

அம்மா போன். "தோல் முட்டையா வருது அம்மணி. தொட்டா அமுங்குது. ஓடு வெளுத்துக் கெடக்குது. உங்கப்பா சோறே எறங்காம உக்காந்திருக்கறாரு. சுண்ணாம்புச் சத்து கம்மியா இருக்கும்ங்கறாங்க, நெசமா?"

தெரியலைங்கம்மா என்றேன். தெரியும். ஓடு வெளுப்பது, தோல் முட்டை, முட்டை குறைவது. புத்தகத்தில் அடுத்த வரி என்னவென்றும் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஞாயிறு, 15

சிவராத்திரி. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மெஸ்ஸில் உப்புமா.

நஸ்ரின் பிடித்துக்கொண்டாள். "ஏய், ஒரு வாரமா பேய் புடிச்சவ மாதிரி இருக்கே. யாராச்சும் பையனா?"

பையனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ மத்த பண்ணையிலயும்?"

"தெரியலடி."

"அப்பாகிட்டச் சொல்லிடு. இப்பவே போன் பண்ணு."

"சொன்னா?"

"சொல்லலன்னா?"

சொன்னால், சார் என்னை அந்தப் படி ஏறவிட மாட்டார். அதாவது பரவாயில்லை. அப்பா? அவர் பொத்தான் போட்டுவிட்டது. ரெண்டடி தள்ளி நின்று பார்த்தது. ஊரே கூடி என்ன சொல்லும்: படிக்கப் போனவள் குடும்பத்துக்குக் குழி வெட்டினாள். பெரியப்பா சொல்லவே வேண்டாம், அவர் அப்போதே சொன்னதுதான். எங்கள் பக்கத்தில் இனி எந்தப் பெண்ணையும் படிக்க அனுப்ப மாட்டார்கள், என்னைக் காட்டியே.

அது வேறு நோயாகவும் இருக்கலாம். தீவனத்தில் பூஞ்சையாகக்கூட இருக்கலாம். பூஞ்சையாக இருக்கட்டும் சாமி. பூஞ்சைக்காக வேண்டிக்கொள்கிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

போனை எடுத்தேன். வைத்தேன்.

திங்கள், 16

விடியும் முன்பே அப்பா போன்.

"கழுத்த முறுக்கிக்கிட்டு நிக்குது சாமி. ஆகாசத்தப் பாத்துக்கிட்டே சுத்துது. கூண்டுக்கு ரெண்டு மூணு செத்துக் கெடக்குது. இத்தன வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. நீ ஒரு எட்டு வந்து பாரு. பெரியப்பன் பண்ணையிலயும் அப்படித்தானாம். டாக்டரம்மா எப்ப வருதுன்னு நேத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கறாங்க."

பெரியப்பா பண்ணையிலும்.

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். "நான் வரமாட்டனுங்கப்பா. வரக்கூடாது. நாளைக்குப் புதுசாச் செத்ததா ரெண்டு கோழிய நல்லாக் கட்டி எடுத்துக்கிட்டு நீங்க இங்க வாங்க, சார் பாப்பாங்க. யாரையும் உள்ள விடாதீங்க. நீங்களும் பெரியப்பா பண்ணைக்குப் போகாதீங்க. முட்டை வண்டிய வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

அப்பா அம்மாவிடம் சொல்வது கேட்டது. "பாத்தியா, அசல் டாக்டர் மாதிரியே பேசறா."

"அப்பா" என்றேன். "சொல்லு சாமி" என்றார். "ஒண்ணுமில்லீங்கப்பா, நாளைக்கு வாங்க" என்றேன். தூ, என் நாக்கு.

செவ்வாய், 17

மாலை. எழுத்து கோணல். எழுதிவிட்டால் தேவலை.

பத்து மணி வெயிலில் வந்தார்கள். யாரும் யார் பண்ணைக்கும் போகாதீர்கள் என்று நான் சொன்ன லட்சணம், அப்பாவும் பெரியப்பாவும் பெரியப்பா வண்டியிலேயே ஒன்றாக வந்தார்கள், ஆளுக்கொரு சாக்குப்பையோடு. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கல்லூரி விழாவுக்கு வந்தது போல. சுவரோரம் காத்திருந்த இன்னொரு பண்ணைக்காரரிடம் என்னைக் காட்டினார். "அது என்ற புள்ளைங்க. மொத வருசம்."

சார் என்னைப் பார்த்து, "உங்க அப்பாவா? வா, தட்டு பிடி" என்றார்.

பிடித்தேன். எங்கள் கோழி. இரைப்பையைப் பிளந்தார். அதே சிவப்புப் புள்ளிகள். பெரியப்பா கோழியைப் பிளந்தார். அதே. நான் கத்தவில்லை, அழவில்லை. தட்டு ஆடாமல் பிடித்திருந்தேன். அது எப்படி என்று தெரியவில்லை.

"வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் இருக்கு. சாம்பிள் அனுப்பித்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார் சார். அப்புறம் கேள்விகள். தடுப்பூசி? தவறாமப் போட்டனுங்க. புதுக் கோழி ஏதாவது இறக்கினீங்களா? இல்லீங்க. தீவன வண்டி? கேட்டோட நிறுத்திருவனுங்க.

"வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?"

"ஒருத்தரும் வர்லீங்க சார். என்ற தங்கச்சி மாப்பிள்ளையவே நான் உள்ள உடலீங்க. கேட்டுல போர்டே வெச்சிருக்கறனுங்க." அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

சார் பெரியப்பாவைப் பார்த்தார். அவரும் இல்லை என்று தலையாட்டினார். சார் நெற்றியைச் சுருக்கி, "ரெண்டு பண்ணை, ஒரே நேரத்துல... யாரும் வராம எப்படி?" என்றார்.

"நான் போனேன் சார்."

என் குரல்தான். சத்தமாகவே வந்தது.

"இங்க தட்டு பிடிச்சுட்டு, மறுநாள் ஊருக்குப் போனேன் சார். இந்தக் கோட்டோட கொட்டகைக்குள்ள போனேன். துவைக்காம."

அப்பா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அவ வெளியாளுங்களா சார்? எம்பொண்ணுங்க."

சார் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தார். "எங்கெங்க போன? ஒவ்வொண்ணாச் சொல்லு."

"மொதல்ல எங்க பண்ணைங்க சார்."

அப்பா தலையாட்டினார்.

"அப்பறம் பெரியப்பா பண்ணை."

தலையாட்டினார். சின்ன வயதில் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது எதிரில் உட்கார்ந்து ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

"குப்புசாமி மாமா பண்ணை. அப்பறம் சரசக்கா ஊட்டு நாட்டுக்கோழி."

அங்கே தலை நின்றது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவே இல்லை. வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்பாவை விட்டுவிட்டே போய்விட்டார்.

அப்பா அசையவில்லை. கோட்டின் பொத்தான் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழாக. திட்டுவார் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சார் முன்னால் போய் நின்றார்.

"சார்... அவ படிப்புக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

சார் கை கழுவப் போனார்.